உப்பிட்ட இறைச்சியும் குளிரில் வளரும் கிருமியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

இறைச்சியை நாள்பட வைத்து உண்பதற்கு மனிதன் பழங்காலத்திலேயே கண்ட வழி உப்பிடுதல் ஆகும். நம் நாட்டுப்புறங்களில் ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் போடுகிறார்கள். குளிர்நாடுகளில் வெயிலை நம்பிக் கறியைக் காயப்போட முடியாது. ஆகவே அங்குள்ளோர் பன்றித் தொடையை உப்பில் புதைத்தும், உப்புநீரில் ஊறவைத்தும், புகை மூட்டியும், அரைத்துக் குடலில் அடைத்தும் பதப்படுத்தி வந்தனர். ஹாம், பேக்கன், சலாமி, சாசேஜ் என்றெல்லாம் பெயர் பெறுபவை இவையே. உப்புக்கண்டத்துக்கும் இவற்றுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. உப்புக்கண்டத்தை எண்ணெயில் பொரிக்காமல் யாரும் வாயில் வைப்பதில்லை. ஹாம், சலாமி போன்றவற்றுள் பல, பொட்டலத்திலிருந்து எடுத்து அப்படியே ரொட்டிக்கு நடுவில் வைத்து உண்ணப்படுபவை. உண்பவர் அடுப்பில் ஏற்றாத இறைச்சி என்னும் இந்த ஒரு செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். ஆய்வுக்கூடத்தின் வேலை இதிலிருந்துதான் தொடங்குகிறது.

உப்பு கிருமிகளைக் கொன்றுவிடுகிறது என்று பொதுவாக எண்ணுகிறோம். பெரும்பாலும் அது கொல்வதில்லை. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமிகளுக்குக் கொடுக்க மறுக்கிறது, அவ்வளவுதான். உணவில் உள்ள நீரில் நுண்ணுயிர்களுக்குப் பயன்படும் அளவை 'நீர்ச்செயற்பாடு' என்ற எண்ணால் குறிப்பர். தூய நீருக்கு இது 1. பச்சை இறைச்சிக்கு ஏறத்தாழ 0.99. உப்பிட்டு உலர்த்த உலர்த்த இவ்வெண் குறையும். கெட்டுப்போகச் செய்யும் பாக்டீரியாக்களில் பல 0.91-க்குக் கீழே வளர இயலாமல் நின்றுவிடும். ஆனால் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி 0.86 வரையிலும் தாக்குப்பிடிக்கும். நம் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாக வாழும் கிருமி இது. அது விடும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் எளிதில் அழியாது. உப்பிட்ட ஹாமை உண்டு சில மணி நேரத்தில் வாந்தி எடுப்பவர்களின் கதையில் பெரும்பாலும் இதன் பெயர் இருக்கும்.

உப்புடன் சேர்க்கப்படும் இன்னொரு பொருள் நைட்ரைட். முற்காலத்தில் வெடியுப்பைச் சேர்த்தனர்; அதிலுள்ள நைட்ரேட்டைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றின. பதப்படுத்திய இறைச்சி வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். நிறத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியில் சாசேஜ் உண்டவர்கள் பார்வை மங்கி, தொண்டை அடைத்து, கைகால் செயலிழந்து மாண்டதை 1820-களில் ஜஸ்டினஸ் கெர்னர் என்னும் மருத்துவர் விரிவாக எழுதினார். (இவர் கவிஞரும் ஆவார்.) லத்தீன் மொழியில் சாசேஜுக்கு 'போட்டுலஸ்' என்று பெயர், நோய்க்குப் 'போட்டுலிசம்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்லெசெல் என்னும் ஊரில் ஓர் இசைக்குழுவினர் உப்பிட்ட ஹாமை உண்டு நோயுற்றனர், மூவர் இறந்தனர். அந்த ஹாமை ஆராய்ந்த வான் எர்மெங்கெம் காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியம் ஒன்றைப் பிரித்தெடுத்து 1897-ல் வெளியிட்டார். இன்று க்ளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் எனப்படும் அதன் வளர்ச்சியைத் தடுக்கவே, ஒரு கிலோ இறைச்சிக்கு மில்லிகிராம் கணக்கில் நைட்ரைட் சேர்க்கப்படுகிறது.

உப்பு ஒன்றைத் தடுத்தது. நைட்ரைட் மற்றொன்றைத் தடுத்தது. குளிர்பெட்டி வந்து மீதமுள்ளவற்றை மெதுவாக்கியது. இம்மூன்றுக்கும் அடங்காத கிருமி ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையில் விரிவாகக் கூற விரும்புகிறேன். அதன் பெயர் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ்.

இதை 1926-ல் கேம்பிரிட்ஜில் மர்ரே, வெப், ஸ்வான் என்ற மூவர், ஆய்வுக்காக வளர்த்த முயல்கள் திடீரென இறந்ததை ஆராய்ந்தபோது கண்டனர். அடுத்த ஆண்டே தென்னாப்பிரிக்காவில் ஹார்வி பிரீ என்பவர் காட்டெலி இனம் ஒன்றில் இதே கிருமியைக் கண்டார். அறுவை மருத்துவத்தில் கிருமி நீக்கத்தைப் புகுத்திய ஜோசப் லிஸ்டரைப் போற்றும் வகையில் 'லிஸ்டீரியா' என்ற பெயரை 1940-ல் நிலைநிறுத்தியவரும் பிரீதான். லிஸ்டருக்கும் இக்கிருமிக்கும் வேறு எந்தத் தொடர்பும் இல்லை. கிருமியை ஒழிக்கப் பாடுபட்டவரின் பெயரை ஒரு கிருமிக்கே சூட்டியது சரியான மரியாதைதானா என்று எனக்குத் தோன்றுவதுண்டு!

இது மண்ணில், நீரில், அழுகிய தழையில், கால்நடைகளின் சாணத்தில் வாழ்வது. பத்து விழுக்காடு உப்பிலும் வளரக்கூடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறத்தாழ 0 டிகிரி செல்சியசில் கூட மெல்ல மெல்லப் பெருகக்கூடியது. குளிர்பெட்டியில் மற்றக் கிருமிகள் தூங்கும்போது இது மட்டும் விழித்திருக்கிறது. உணவின் மூலம் மனிதருக்குப் பரவுகிறது என்பது கனடாவில் 1981-ல் ஏற்பட்ட நோய்ப்பரவலின்போதுதான் ஐயமற நிறுவப்பட்டது. ஆட்டுப் புழுக்கை உரமிட்ட முட்டைக்கோசு, குளிர்க்கிடங்கில் பல வாரங்கள் இருந்து, பச்சையாக உண்ணும் கலவையாகி மக்களை அடைந்தது.

நலமாக உள்ளவர் இதை உண்டால் இரண்டு நாள் காய்ச்சலோடு போகலாம். ஒன்றுமே தெரியாமலும் போகலாம். கருவுற்ற தாயிடம் கதை வேறு. அவளுக்கு இலேசான காய்ச்சல். ஆனால் கிருமி நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைகிறது. கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம், பிறந்த சில நாட்களில் இரத்தத்திலோ மூளையுறையிலோ நோய் கண்டு இறக்கலாம். முதியோரும், நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களும் இதே ஆபத்தில் இருப்பவர்கள். கடுமையாக நோயுற்றவர்களில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேர் இறக்கின்றனர். உணவால் வரும் நோய்களில் இவ்வளவு கொடியவை சிலவே.

இனி தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். அந்நாட்டில் ஓர் ஆண்டுக்கு 60 முதல் 80 பேருக்கு மட்டுமே இந்நோய் கண்டறியப்பட்டு வந்தது. 2017 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துப் பெரிய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவு மருத்துவர்கள், இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகள் வழக்கத்தைவிட அதிகம் என்று தேசியத் தொற்றுநோய் நிறுவனத்துக்குத் தெரிவித்தனர். 2017 டிசம்பரில் அரசு நோய்ப்பரவலை அறிவித்தது. எந்த உணவு என்பது மட்டும் தெரியவில்லை. இந்நோய் உண்ட அன்றே வருவதன்று. சில நாட்கள் முதல் 70 நாட்கள் வரை கழித்தும் வரலாம். இரண்டு மாதங்களுக்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் நம்மில் யார்தான் சரியாகச் சொல்வோம்? அதிலும், குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் இக்கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது. பேட்டி காணப்பட்ட 109 நோயாளிகளில் 93 பேர், அப்படியே உண்ணும் பதப்படுத்திய இறைச்சியைத் தின்றதாகக் கூறினர். அதில் முதலிடம் 'போலனி'க்கு. போலனி என்பது அரைத்த இறைச்சிக் கூழை உப்பும் நைட்ரைட்டும் சேர்த்து உறையில் அடைத்து வேகவைத்த தடித்த சாசேஜ். மலிவானது. ரொட்டியின் நடுவே வைத்துப் பள்ளிப்பிள்ளைகள் முதல் கூலித் தொழிலாளர் வரை உண்பது.

2018 ஜனவரி நடுவில் சொவெட்டோவில் குழந்தைகள் காப்பகம் ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட ஒன்பது குழந்தைகள் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகக் கிறிஸ் ஹானி பாரக்வனாத் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கிருந்த குழந்தை மருத்துவர் லிஸ்டீரியாவாக இருக்கலாம் என்று ஐயுற்றார். சுகாதார ஆய்வாளர்கள் அக்காப்பகத்துக்குச் சென்று குளிர்பெட்டியைத் திறந்தனர். அதில் இரண்டு வகைப் போலனி இருந்தது. அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றனர்.

இப்படி வந்து சேரும் ஒரு துண்டு இறைச்சி ஆய்வுக்கூடத்தில் என்ன பாடுபடுகிறது என்பதைச் சற்று விளக்கமாகக் காண்போம். உலகெங்கும் பின்பற்றப்படும் ஐ.எஸ்.ஓ. 11290 என்ற நெறிமுறை இதற்கு உண்டு.

முதலில் 25 கிராம் இறைச்சியைக் கிருமி நீக்கிய பையில் எடை போட்டு, 225 மில்லிலிட்டர் 'அரை ஃபிரேசர்' என்ற வளர்ப்பு நீர்மத்தில் இட்டு நன்கு கலக்குகின்றனர். ஏன் நேரடியாகத் தட்டில் தடவக்கூடாது? 25 கிராமில் இரண்டு மூன்று லிஸ்டீரியாக்கள் மட்டுமே இருக்கலாம். அவற்றைச் சுற்றிக் கோடிக்கணக்கான வேறு பாக்டீரியாக்கள் இருக்கலாம். எனவே முதலில் இவற்றைப் பெருக்கவும் மற்றவற்றை அடக்கவும் வேண்டும். நீர்மத்தில் லித்தியம் குளோரைடு, நாலிடிக்சிக் அமிலம், அக்ரிஃபிளேவின் ஆகியவை இருக்கின்றன. இவை மற்றவற்றை அடக்குகின்றன, லிஸ்டீரியா தாங்கிக்கொள்கிறது. ஆயினும் உப்பாலும் வெப்பத்தாலும் அடிபட்டு வந்த லிஸ்டீரியாவுக்கு இந்த மருந்துகளின் முழு அளவையும் முதல் நாளே தாங்கும் வலு இராது. அதனால்தான் முதலில் மருந்தளவு குறைந்த 'அரை' நீர்மம். 30 டிகிரியில் ஒரு நாள் தேறிய பிறகு, அதிலிருந்து பத்தில் ஒரு மில்லிலிட்டர் மட்டும் எடுத்து, முழு வலிமை கொண்ட 10 மில்லிலிட்டர் ஃபிரேசர் நீர்மத்தில் இட்டு 37 டிகிரியில் இன்னொரு நாள் வைக்கின்றனர். நோயாளிக்கு முதலில் கஞ்சி, பிறகு சோறு என்பது போன்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

லிஸ்டீரியா இருந்தால் நீர்மம் கறுத்துவிடும். எஸ்குலின் என்ற பொருளை அது உடைப்பதாலும், உடைந்த பொருள் இரும்புடன் சேர்வதாலும் இந்தக் கறுப்பு. ஆனால் கறுத்துவிட்டது என்பதற்காக முடிவு எழுதிவிட முடியாது. எஸ்குலினை உடைக்கும் வேறு பாக்டீரியாக்களும் உள்ளன. எனவே இரண்டு நீர்மங்களிலிருந்தும் எடுத்து அகார் தட்டில் இழைக்கின்றனர். இந்த அகாரில் லிஸ்டீரியா இனங்கள் யாவும் நீலப்பச்சைப் புள்ளிகளாக வளரும். அவற்றுள் நோய் உண்டாக்கும் வகையைச் சுற்றி மட்டும் மங்கலான ஒரு வளையம் தோன்றும். அதன் நொதி ஒன்று அகாரில் உள்ள கொழுப்பைச் சிதைப்பதே காரணம். லிஸ்டீரியா இன்னோக்குவா என்றொரு சாது உறவினன் உண்டு. அதற்கு வளையம் இல்லை. லிஸ்டீரியா ஐவனோவி என்ற மற்றோர் உறவினனுக்கோ வளையம் உண்டு. ஆகவே மேலும் சோதனைகள் தேவைப்படுகின்றன. கிராம் சாயம் ஏற்றிப் பார்த்தால் ஊதா நிறக் குட்டைக் கோல்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரைக்கும். செய்முறை வகுப்பில் நாம் செய்யும் அதே கேட்டலேஸ் சோதனைதான். 25 டிகிரியில் வளர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே நகரும். 37 டிகிரியில் வளர்த்தால் அந்த ஆட்டம் அடங்கிவிடும். இரத்த அகாரில் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ராம்னோஸ் சர்க்கரையைப் புளிக்கவைக்கும், சைலோஸை விட்டுவிடும். ஐவனோவியோ இதற்கு நேர்மாறானது. இவ்வளவும் ஒத்துவந்த பிறகே 'லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் காணப்பட்டது' என்று எழுதுவர்.

இல்லை என்று சொல்லவே நான்கு நாட்கள் போல ஆகும்; உண்டு என்று உறுதி செய்ய ஒரு வாரம் வரை ஆகலாம். டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறையில் சில மணி நேரத்தில் முடிவு கிடைக்காதா என்று கேட்கலாம். அம்முறையும் பயன்படுகிறது. ஆனால் அதற்கும் முன்னால் வளர்ப்பு நீர்மத்தில் ஒரு நாளாவது வைத்தாக வேண்டும். செத்த பாக்டீரியாவிலும் டி.என்.ஏ. உண்டு; நமக்கு வேண்டியது உயிருள்ளது இருக்கிறதா என்பது. அந்தக் காலத்தில் இதைவிடப் பொறுமை வேண்டியிருந்தது. 1948-ல் கிரே என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும், முதல் நாள் சோதனையில் ஒன்றும் காட்டாத கன்றுகாலிகளின் மூளைப் பகுதியை 4 டிகிரியில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தபோது லிஸ்டீரியா கிடைத்தது. எந்தக் குணத்தால் அது குளிர்பெட்டியில் நமக்குத் தீங்கு செய்கிறதோ, அதே குணத்தை வைத்து அதைப் பிடித்தார்கள்.

சொவெட்டோ போலனியில் லிஸ்டீரியா இருந்தது. ஒரு குழந்தையின் மலத்திலும் இருந்தது. இவ்வளவு மட்டும் தெரிந்திருந்தால் வழக்கு நிற்காது. லிஸ்டீரியா பல இடங்களில் இருப்பதுதானே? எனவே இவற்றின் மரபணுத் தொகுதியை முழுவதுமாக வரிசைப்படுத்தினர். இறந்த, நோயுற்ற மக்களிடமிருந்து எடுத்த கிருமிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது, 'எஸ்.டி.6' என்ற ஒரே வகை என்று முன்பே கண்டிருந்தனர். போலனியில் இருந்ததும், குழந்தையிடம் இருந்ததும் எஸ்.டி.6. ஜனவரி 27 அன்று இது உறுதியாயிற்று. பிப்ரவரி 2 அன்று அதிகாரிகளும் வல்லுநர்களும் போலோக்வானே நகரிலுள்ள தொழிற்சாலைக்குள் நுழைந்து மாதிரிகள் எடுத்தனர். அங்குச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்த 16 மாதிரிகளிலாவது அதே எஸ்.டி.6 கிடைத்தது. 2018 மார்ச் 4 அன்று அமைச்சர் மக்களுக்கு அறிவித்தார்; இறைச்சி கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. செப்டம்பர் 3 அன்று நோய்ப்பரவல் முடிந்ததாக அறிவித்தபோது கணக்கு இது: உறுதி செய்யப்பட்ட நோயாளிகள் 1,060; இறந்தோர் 216. நோயுற்றோரில் பத்தில் நான்கு பேருக்கு மேல் பிறந்து 28 நாட்கள் ஆகாத சிசுக்கள். உலகில் அதுவரை பதிவான லிஸ்டீரியா நோய்ப்பரவல்களில் இதுவே பெரிது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நன்கு உலர்ந்த சலாமியில் நீர்ச்செயற்பாடு 0.92-க்குக் கீழே இருந்தால் லிஸ்டீரியா அதில் பெருகாது என்று ஐரோப்பியச் சட்டம் கொள்கிறது. மாதக்கணக்கில் உலர்த்தி, எடை குறைந்து, விலை ஏறிய இறைச்சி அது. போலனியோ நீரை வெளியே விடாமல் செய்யப்படுவது, அதனால்தான் மலிவு. அதே நீர்தான் கிருமிக்கும் வேண்டியது. விலை குறைந்த உணவை உண்பவனுக்கு ஆபத்து கூடியிருப்பது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். அதற்காக உலர்ந்த வகை எல்லாம் தூயது என்றும் சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1995-ல், வேகவைக்காமல் புளிக்கவைத்த மெட்வர்ஸ்ட் என்னும் சாசேஜில் இருந்த ஈ.கோலை ஓ111 என்ற கிருமியால் இருபதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், சிறுநீரகம் பழுதுற்றனர். ஒரு சிறுமி இறந்தாள்.

அப்படியானால் ஒவ்வொரு தயாரிப்பையும் சோதித்துவிட்டு விற்றால் போதாதா? இக்கேள்விக்குக் கணிதம் பதில் சொல்கிறது. ஒரு நாள் தயாரிப்பிலிருந்து ஐந்து மாதிரி எடுப்பது ஐரோப்பியச் சட்டத்தில் உள்ள வழக்கம். நூறு பொட்டலத்தில் ஒன்றில் கிருமி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பொட்டலத்தை எடுத்தால் அது நல்லதாக இருக்க வாய்ப்பு 0.99. ஐந்தும் நல்லதாக இருக்க வாய்ப்பு 0.99-ன் ஐந்தாம் அடுக்கு, அதாவது 0.95. இப்படிப்பட்ட நூறு தயாரிப்புகளில் 95 தயாரிப்புகள் 'கிருமி இல்லை' என்ற சான்றோடு கடைக்குப் போய்விடும்! பத்துப் பொட்டலத்தில் ஒன்று கெட்டிருந்தாலும் கூட, ஐந்து மாதிரியும் நல்லதாக அமையும் வாய்ப்பு 0.59. நூற்றில் ஒன்று என்ற நிலையை 95 விழுக்காடு உறுதியுடன் கண்டுபிடிக்க ஏறத்தாழ 300 பொட்டலங்களைச் சோதிக்க வேண்டும். சோதித்த பொட்டலத்தை யாரும் விற்க முடியாது. ஆய்வுக்கூடத் தாளில் 'காணப்படவில்லை' என்று எழுதுகிறார்களே தவிர 'இல்லை' என்று எழுதுவதில்லை. அவர்கள் சொற்களை அளந்து எழுதுகிறார்கள். விளம்பரம் எழுதுவோர் அப்படி அளப்பதில்லை.

ஆகவே அறிஞர்கள் இறைச்சியை விட்டுத் தொழிற்சாலையின் தரையைப் பார்க்கத் தொடங்கினர். போலனியும் ஹாமும் வேகும்போது லிஸ்டீரியா செத்துவிடுகிறது. வெந்த பிறகு தோலுரிக்கும் இடத்தில், துண்டு போடும் கத்தியில், பொட்டலமிடும் மேசையில்தான் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. நீர் தேங்கும் வடிகால், சக்கர வண்டியின் உருளை, ஓடும் பட்டையின் மடிப்பு, கழற்றிக் கழுவ முடியாத திருகாணியின் இடுக்கு ஆகியவற்றில் கோழைப் படலம் போலப் படிந்து ஆண்டுக்கணக்கில் வாழும். எனவே அவ்விடங்களை வாரந்தோறும் ஈரப்பஞ்சால் துடைத்து, அப்பஞ்சை ஃபிரேசர் நீர்மத்தில் இட்டு, மேலே சொன்ன முறைப்படியே சோதிக்கின்றனர். இதில் கெட்டிக்காரத்தனம் பஞ்சை எப்போது எடுப்பது என்பதில் இருக்கிறது. விடியற்காலையில் கழுவி முடித்த உடனே துடைத்தால் எல்லாம் பளிச்சென்று இருக்கும். தாளும் நன்றாக வரும். இயந்திரம் ஓடத் தொடங்கிச் சில மணி நேரம் ஆன பிறகு, அதிர்ச்சியில் இடுக்குகளிலிருந்து நீர் கசியும்போது துடைக்க வேண்டும். உள்ளே ஒளிந்திருப்பது அப்போதுதான் வெளியே வருகிறது.